எந்தப் பட்டனில் நின்றது?

அமெரிக்காவில் ஒரு துணிக்கடையின் வெப்சைட் மேல் வழக்குப் போட்டால், சில வாரங்களில் அதன் சத்தம் சென்னையில் என் ஹெட்போனுக்குள் கேட்க ஆரம்பித்துவிடும். நான் ஆக்சசிபிலிட்டி டெஸ்டர். கண் தெரியாதவள். வெப்சைட்டையும் ஆப்பையும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்து ஓட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. வாடிக்கையாளர்கள் நல்ல மனதோடு தானாகத் தேடி வருகிறார்கள் என்று சொல்ல ஆசைதான். பெரும்பாலானவர்கள் வக்கீல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஆபீஸில் கடைக்காரர் பக்கம், வீட்டுக்கு வந்தால் அதே மாதிரிக் கடைகளில் வாங்கத் தவிக்கும் பக்கம். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். சட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாங்க வந்த ஆள் எந்த இடத்தில், எந்தப் பட்டனில் நின்றுபோனார் என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தால்தான் ஏதாவது நகர்கிறது. வழக்குப் போடுபவருக்கும் இது பொருந்தும், வழக்கு வாங்குபவருக்கும் பொருந்தும்.

இந்த வழக்குகளில் பேர்போன பழைய வழக்கு, டார்கெட் என்ற பெரிய அமெரிக்கக் கடை மேல் போட்டது. 2006-இல் கலிஃபோர்னியாவில், அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த பார்வையற்ற மாணவர் ஒருவரும் சேர்ந்து போட்டது. அவர்கள் சொன்ன குறைகள் சாதாரணமானவை. படங்களுக்கு எழுத்து விவரம் இல்லை. பொருளைத் தேர்ந்தெடுத்து கடைசிப் படிக்கு வந்தால் மவுஸ் இல்லாமல் பணம் கட்ட முடியவில்லை. கண் தெரியாதவருக்கு மவுஸ் எதற்கு? அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று பார்க்க முடிந்தால்தானே அதை நகர்த்த முடியும். நாங்கள் எல்லாவற்றையும் கீபோர்டில்தான் செய்வோம்.

கடைக்காரர்கள் அன்று வைத்த வாதம் இன்றுவரை வேறுவேறு வேஷத்தில் வருகிறது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-இல் வந்தது. அதில் கடை, ஹோட்டல், தியேட்டர் என்று கட்டடங்களைத்தான் சொல்லியிருக்கிறது, வெப்சைட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆகவே எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அந்த வாதம். சட்டம் எழுதிய காலத்தில் ஆன்லைன் கடையே இல்லை, அப்புறம் எப்படி எழுதியிருப்பார்கள்? நீதிபதி மர்லின் ஹால் படேல் 2006 செப்டம்பரில், வெப்சைட்டில் உள்ள தடை கடையின் சேவையை அனுபவிக்கவிடாமல் தடுக்கிறது என்றால் அந்த அளவுக்குச் சட்டம் பொருந்தும் என்று சொல்லி வழக்கை உள்ளே விட்டார். 2008-இல் 60 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. வெப்சைட்டைச் சரிசெய்ய வேண்டும், அதைக் கூட்டமைப்பு சோதித்துப் பார்க்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. பணத்தைவிட எனக்கு அந்த இரண்டாவது ஷரத்துதான் பெரிதாகப் படுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது டொமினோஸ். பார்வையற்ற ஒருவர் தனக்கு வேண்டியபடி டாப்பிங் மாற்றி பீட்சா ஆர்டர் போட முயன்றிருக்கிறார். வெப்சைட்டிலும் முடியவில்லை, ஆப்பிலும் முடியவில்லை. 2016-இல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெப்சைட் எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கமே விதி வகுக்காதபோது கம்பெனியை எப்படித் தண்டிப்பது என்பது காரணம். 2019 ஜனவரியில், கலிஃபோர்னியாவும் அடங்கிய மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போக, அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அன்று எங்கள் சர்க்கிளில் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் ஒரே கொண்டாட்டம். 2021-இல் வெப்சைட் விஷயத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது; கலிஃபோர்னியச் சட்டப்படி கிடைத்த இழப்பீடு 4,000 டாலர். ஐந்து வருஷப் போராட்டத்துக்கு அவ்வளவுதான்.

அந்த 2021 தீர்ப்பில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நான் போகிற ஒவ்வொரு டிரெயினிங்கிலும் அதைச் சொல்வேன். வெப்சைட் இல்லாவிட்டால் என்ன, போன் பண்ணி ஆர்டர் கொடுக்கலாமே என்று கம்பெனி வாதாடியது. அவர் போன் செய்து பார்த்திருக்கிறார். 45 நிமிஷத்துக்கு மேல் காத்திருந்து வைத்திருக்கிறார், அதுவும் ஒருமுறை இல்லை. கஸ்டமர் சர்வீஸ் போனில் காத்திருந்து பார்த்த யாரும், அதுவும் பீட்சாவுக்குப் பசித்திருக்கும்போது, இதை வெப்சைட்டுக்கு ஈடாக ஏற்க மாட்டார் என்று சொல்லி நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை. கஸ்டமர் கேர் ஆட்கள் நம்மிடம் “நீங்க சொல்லுங்க மேடம், நாங்களே ஆர்டர் போட்டுத் தர்றோம்” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 45 நிமிஷம்தான் ஞாபகம் வரும்.

எதிர்ப்பக்கத் தீர்ப்பும் உண்டு. ஃபுளோரிடாவில் வின்-டிக்ஸி என்ற சூப்பர் மார்க்கெட். பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் மருந்துச் சீட்டை ஆன்லைனில் ரீஃபில் செய்யவும், தள்ளுபடிக் கூப்பனைத் தன் கார்டில் ஏற்றவும் முடியாமல் வழக்குப் போட்டார். 2017-இல் விசாரணை முழுதாக நடந்து ஜெயித்தார். 2021 ஏப்ரலில், ஃபுளோரிடா அடங்கிய பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வெப்சைட் என்பது சட்டம் சொல்லும் ‘இடம்’ ஆகாது, அதில் நேரடியாக விற்பனையும் இல்லை, கடைக்குப் போய் எல்லாமே செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், விவகாரமே காலாவதியாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பையும் அதே நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. ஆக இதை வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்துக்கு, எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கடைக்கே நேரில் போகலாமே என்கிற அந்த வாதத்தில்தான் எனக்குக் கோபம். மருந்துக் கவுன்ட்டரில் பத்துப் பேர் நிற்கும்போது என் மாத்திரையின் பெயரை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் முடியாவிட்டால் வீட்டில் யாரிடமாவது போனைக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் தம்பி. நல்லவன்தான், கேட்டால் உடனே போட்டுக் கொடுப்பான். ஆனால் உள்ளாடையையும் நாப்கினையும் தம்பியிடம் சைஸ் சொல்லி ஆர்டர் போடச் சொல்வது எந்தப் பெண்ணுக்கு விருப்பமாக இருக்கும்? “அவன்தான் போட்டுத் தர்றானே, உனக்கென்னடி கஷ்டம்” என்பாள் அம்மா. அவளுக்கு இது புரியவைக்கிற காரியம் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆடை விற்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. நியூயார்க்கில் அவர்கள் மேல் வழக்கு. மனுவைப் படித்தேன். எழுத்து விவரம் இல்லாத படங்கள், பெயரில்லாத லிங்குகள், ஒரே இடத்துக்குப் போகும் இரட்டை லிங்குகள் என்று வரிசையாக ஒரு பட்டியல். எந்தப் பக்கம், எந்தப் பொருள், அந்த ஆள் என்ன வாங்கப் போனார் என்பதெல்லாம் பேருக்குத்தான் இருந்தது. இந்தப் பட்டியலை நான் ஏற்கெனவே வேறு கடைகளின் மனுக்களிலும் பார்த்திருக்கிறேன், அதே வரிசையில்.

கம்பெனி என்ன செய்தது? ஒரு தானியங்கி டூலை ஓடவிட்டது. அது சிவப்பாகக் காட்டியதையெல்லாம் டெவலப்பர்கள் சரிசெய்தார்கள். வக்கீல்கள் பேசி சமரசம் ஆயிற்று. எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை, கேட்கவும் கூடாது. அதற்கப்புறம், ‘எல்லாம் முடிந்துவிட்டது, பெயருக்கு ஒருமுறை பாருங்கள்’ என்று எங்களிடம் தந்தார்கள்.

நான் ஒரு சட்டைப் பக்கத்தைத் திறந்தேன். படத்துக்கு அழகாக விவரம் வந்திருந்தது: நீல நிறம், முழுக்கை, காலர் இல்லாதது. விலை படித்தது. டேப் கீ அடித்தேன், நிறம். இன்னொரு டேப், எண்ணிக்கை. இன்னொரு டேப், ‘ஆட் டு கார்ட்’ பட்டன். என்டர் அடித்தேன். ஒன்றும் பேசவில்லை. திரும்ப அடித்தேன். மௌனம். கார்ட்டைத் திறந்தால் காலி.

எங்கள் டீமில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், பார்வை உள்ளவன். அவனைக் கூப்பிட்டேன்.

“அக்கா, சைஸ் செலக்ட் பண்ணுன்னு செவப்புல வருதே. நீங்க சைஸ் எடுக்கலையா?”

“சைஸ் எங்கடா இருக்கு?”

“கலருக்குக் கீழயேதான்க்கா. எஸ், எம், எல்னு கட்டம் கட்டமா இருக்கு.”

கண்ணுக்கு அவை பட்டன்கள். உள்ளே இருக்கும் புரோகிராமில் அவை வெறும் பெட்டிகள். மவுஸில் கிளிக் செய்தால் மட்டும் வேலை செய்யும்படி எழுதப்பட்டவை. கீபோர்டுக்கு அவை இருப்பதே தெரியாது. ஸ்கிரீன் ரீடருக்கு அவை பட்டன் என்று யாரும் சொல்லவில்லை. சிவப்பு எழுத்தில் வந்த எச்சரிக்கையும் ஸ்கிரீன் ரீடருக்கு அறிவிக்கப்படவில்லை. தானியங்கி டூல் இதைப் பிடிக்காது. படத்துக்கு விவரம் இல்லை என்றால் அதற்குத் தெரியும். ஒரு பெட்டி உண்மையில் பட்டனாக இருந்திருக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

வழக்கு, வக்கீல் ஃபீஸ், சமரசத் தொகை, படங்களுக்கு விவரம் எழுதிய செலவு எல்லாம் போன பிறகும், கண் தெரியாத ஒருவரால் அந்தக் கடையில் ஒரு சட்டை வாங்க முடியாத நிலை. ரிப்போர்ட்டில் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன். அவர்கள் வரிசையில் அது கீழே போய்விட்டது. சில மாதத்தில் இன்னொருவர் வழக்குப் போட்டார். ஒருவரோடு செய்த சமரசம் அடுத்தவரைக் கட்டாது என்பது அப்போதுதான் அவர்கள் காதில் ஏறியது. பிறகு அந்தச் சைஸ் பெட்டிகள் ஒரே நாளில் ஒழுங்கான ரேடியோ பட்டன்களாக மாறின. டார்கெட் சமரசத்தில் பயன்படுத்துபவர்களே சோதிப்பார்கள் என்ற ஷரத்தைப் பெரிது என்று சொன்னது இதனால்தான்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. மார்க்கெட்டிங் ஆட்கள் யாரோ, வெப்சைட்டின் மூலையில் சக்கரநாற்காலிப் படம் போட்ட ஒரு விட்ஜெட்டை ஒட்டிவிட்டார்கள். ஒரு வரி புரோகிராம் சேர்த்தால் போதும், ஏஐ எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று விற்கிற சமாச்சாரம். எனக்கு அது செய்த ஒரே உதவி, பக்கத்தைத் திறந்ததும் நான் கேட்காமலே தன்னைப் பற்றிப் பேசியது. என்னிடம் ஏற்கெனவே ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, அதன் மேல் இன்னொன்று எதற்கு? இப்படி விட்ஜெட் விற்கும் ஆக்சஸிபி என்ற கம்பெனி, எந்த வெப்சைட்டையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று ஏமாற்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது. கடைக்காரர் யாராவது இதைப் படித்தால், அந்த விட்ஜெட் காசை ஒரு நல்ல டெவலப்பருக்குக் கொடுங்கள்.

வழக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் தியாகிகள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஃபெடரல் சட்டத்தில் வழக்குப் போட்ட தனிநபருக்கு இழப்பீடு கிடையாது. சரிசெய்யச் சொல்லும் உத்தரவும் வக்கீல் ஃபீஸும்தான். சில மாநிலச் சட்டங்கள்தான் இழப்பீடு கொடுக்கின்றன; கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சம் 4,000 டாலர். அதனால் இதையே தொழிலாக வைத்திருக்கும் வக்கீல் அலுவலகங்கள் உண்டு. கடையின் பெயரை மட்டும் மாற்றி மனுவை அச்சடிக்கிறார்கள். 2019-இல் நியூயார்க்கில் பிரெய்ல் எழுத்தில் கிஃப்ட் கார்டு இல்லை என்று போட்ட வழக்குகளில் பனானா ரிபப்ளிக் மீதும் ஒன்று. அது துணிக்கடை. மனுதாரர் தரப்புத் தாள்களில் அதை உணவுக்கடை என்று எழுதியிருந்தார்கள், வேறு வழக்கிலிருந்து வெட்டி ஒட்டியது. நீதிபதி அதைத் தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டும்படி ஆயிற்று. பெயரில்தான் பழம் இருக்கிறது. அந்த மாதிரி கிஃப்ட் கார்டு வழக்குகளை 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், மனுதாரருக்கு உண்மையில் என்ன பாதிப்பு என்று காட்டவில்லை என்று சொல்லித் தள்ளியது.

எங்கள் ஆட்களிலேயே சிலர் இதைப் பேசினால் கோபப்படுவார்கள். ஆனால் வெட்டி ஒட்டிய மனு முதலில் கெடுப்பது நிஜமாகவே மாட்டிக்கொண்டவரின் வழக்கைத்தான். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சம்பளம் வருவதே இந்த வழக்குகளால்தான். வழக்குப் பயம் இல்லாத இடத்தில் என் ரிப்போர்ட்டுக்கு எந்தக் கதி என்பதற்கு நம் ஊரே சாட்சி.

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். தகவல் தொழில்நுட்பம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 42-வது பிரிவு. தனியார் நிறுவனங்களும் சட்டத்துக்குள் அடக்கம். வெப்சைட், ஆப்புக்கென்று ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்து, 2023-இல் விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தரங்களை வெறும் பரிந்துரைபோல் வைத்திருந்த விதியைச் செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பைச் செய்ய முடியாமல் போவதைப் பற்றி, நீதிபதிகள் பர்திவாலாவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மகாதேவனும் கொடுத்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேல்: டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டு என்று ஆப் சொல்கிறது, எங்கே பார்த்துச் சிமிட்டுவது?

ஆனால் அபராதத்தைப் பாருங்கள். சட்டத்தின் 89-வது பிரிவில் முதல் தடவை மீறினால் அதிகபட்சம் 10,000 ரூபாய். மறுபடி மீறினால்தான் 50,000-இலிருந்து 5 லட்சம் வரை. 2025 பிப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் நீதிமன்றம் 155 நிறுவனங்களுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது பெரிய செய்தி. பெரிய ஆன்லைன் கடை ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்பது டீச் செலவு.

பயமுறுத்த முடியாத இடத்தில் துல்லியம்தான் நமக்குத் துணை. நான் அடிக்கடி வாங்கும் ஒரு மளிகை ஆப்பில், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டெலிவரி நேரம் தேர்ந்தெடுக்கும் இடம் வெறும் ‘அன்லேபிள்ட்’, ‘அன்லேபிள்ட்’ (பெயரிடப்படாதது) என்று படிக்க ஆரம்பித்தது. எந்த நேரத்தைத் தொடுகிறேன் என்று தெரியாமல் குத்துமதிப்பாகத் தட்டினால், காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறான். முதலில் எல்லோரும் செய்வதுபோல் ‘உங்கள் ஆப் பார்வையற்றோருக்கு உகந்ததாக இல்லை’ என்று சாட்டில் எழுதினேன். மன்னிப்பும் நூறு ரூபாய்க் கூப்பனும் வந்தன.

அப்புறம் ஆபீஸில் எழுதும் முறையிலேயே எழுதினேன். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கின் பதிப்பு, ஆப்பின் பதிப்பு. எந்தத் திரை, எந்த வரிசையில் என்ன செய்தேன், என்ன காதில் கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும். கூடவே ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். டாக்பேக் குரல் பல போன்களில் திரைப்பதிவில் வராது. மைக்கை ஆன் செய்து, ஸ்பீக்கரில் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இன்னொன்று, குரல் வேகத்தைக் குறையுங்கள். நாம் கேட்கும் வேகம் பார்வையுள்ளவர்களுக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கும், ஒன்றும் புரியாது. கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறவர்கள் டூல்ஸ் மெனுவில் ‘ஸ்பீச் வியூவர்’ திறந்தால், அது பேசுவதெல்லாம் எழுத்தாக வரும். அப்படியே நகலெடுத்துப் புகாரில் ஒட்டலாம். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய சாட்சி வேறு இல்லை.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். சாட்டில் போட்டால் கிணற்றில் போட்ட கல். 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள்படி ஒவ்வோர் ஆன்லைன் கடையும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்த மெயிலுக்கு எழுதினேன். தீர்வாக என்ன வேண்டும் என்பதையும் எழுதினேன்: ஒவ்வொரு நேரத்துக்கும் பெயர் படிக்க வேண்டும், எது தேர்வானது என்று சொல்ல வேண்டும், வெளியிடும் முன் டாக்பேக்கில் சோதிக்க வேண்டும். பதில் வந்தது, ‘எங்கள் ஊழியர் போனில் ஆர்டர் எடுத்துக்கொள்வார்’ என்று. வேண்டாம், எல்லோரும் போடுவதுபோல் நானே போட வேண்டும், இந்தப் புகாரை மூட ஒப்புக்கொள்ளவில்லை என்று அன்றே திருப்பி எழுதினேன். அதை எழுதாவிட்டால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுவார்கள். ஜாக்கிரதை.

அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமும் மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம். வக்கீல் வைக்கத்தான் வேண்டும் என்றில்லை. அங்கே போகும்போது மேலே சொன்ன மெயில் வரிசை முழுவதும் தேதியோடு கையில் இருக்க வேண்டும். பொதுவாகக் கொட்டித் தீர்த்தால் எதிர்த்தரப்பு ‘நாங்கள் தொடர்ந்து மேம்படுத்தி வருகிறோம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். இந்தத் திரையில் இந்தப் பட்டன் என்றால் அந்த வரியை எழுத முடியாது.

கடை நடத்துகிறவர்களுக்கும் கொஞ்சம். திருப்பூரிலிருந்து நேரடியாக அமெரிக்க வாடிக்கையாளருக்கு வெப்சைட்டில் விற்கும் ஒருவர், தெரிந்தவர் மூலம் போன் செய்தார். “மேடம், நமக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?” அவருக்கு நான் வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டு, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் கடையில் நீங்களே ஒரு பனியன் வாங்கிப் பாருங்கள் என்றேன். தேடுவது, சைஸ், கார்ட், முகவரி, பணம் கட்டுவது, அப்புறம் முக்கியமாக கேன்சலும் ரிட்டர்னும். பணம் கட்டும் பக்கம் வெளியாளுடையது என்று விட்டுவிடக் கூடாது, வாங்குபவருக்கு அது உங்கள் கடைதான். பத்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார், ஆஃபர் பாப்-அப் வந்ததும் அதைவிட்டு வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டாராம்.

அவருக்குச் சொன்ன மற்றவை: பட்டன் வேண்டும் என்றால் நிஜப் பட்டனையே போடச் சொல்லுங்கள், பெட்டிக்குப் பட்டன் வேஷம் வேண்டாம். சைஸ் அட்டவணையைப் படமாகப் போடாமல் அட்டவணையாகவே போடுங்கள். மார்பளவு எத்தனை இன்ச் என்று தெரியாமல் நான் எப்படி வாங்குவது? வெப்சைட் செய்து தருபவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே, வெப்சைட் அணுகலுக்கான உலகத் தரமான டபிள்யூசிஏஜி 2.1, ஏஏ நிலை என்று எழுதிவிடுங்கள், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரைக்கொண்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து. ஐரோப்பாவுக்கும் விற்பதாக இருந்தால், அங்கே அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் கடைகளுக்கும் அமலில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும், வரவு செலவும் சிறிதான சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு; அவரிடம் அதைவிட அதிகம் பேர்.

பொருளின் விவரம் எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. ‘அழகான புடவை’ என்று எழுதுவதில் எனக்குப் பிரயோஜனம் இல்லை. அரக்கு நிறம், இரண்டு விரல் அகல ஜரிகை பார்டர், உடம்பில் சின்னப் புட்டா, முந்தியில் கட்டம் என்று எழுதினால் நானே தீர்மானிப்பேன் அது அழகா இல்லையா என்று. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரவிக்கைக்கு மேட்ச் பார்க்க வேண்டாமா?

என் மளிகை ஆப் கதை இப்படி இருக்கிறது. இரண்டாவது மெயிலுக்கு அப்புறம் அவர்களின் ஆப் டீமிலிருந்து ஒரு பெண் நேரடியாகப் பேசினாள். டாக்பேக்கை எப்படி ஆன் செய்வது என்று என்னிடமே கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன். அடுத்த அப்டேட்டில் நேரங்கள் எல்லாம் பெயரோடு படித்தன. அதற்கடுத்த அப்டேட்டில் நேரம் படிக்கிறது, ஆனால் கூப்பன் போடும் பெட்டி ஊமையாகிவிட்டது. பதிப்பு எண்ணையும் ரெக்கார்டிங்கையும் அதே மெயிலின் கீழேயே பதிலாக அனுப்பியிருக்கிறேன். 48 மணி நேரத்துக்குள் டிக்கெட் எண் வந்துவிட்டது. ஒரு மாதக் கெடு அடுத்த வாரம் முடிகிறது. தலைமை ஆணையருக்கான மனுவை டைப் செய்து வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போட வேண்டும்.